தண்டவாளத்துப் பெரட்டு

எங்கள் தோட்டத்தில் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் முதலில் காதில் விழுவது ‘வாங்க’தான். உலையில் அரிசி இருக்கிறதோ இல்லையோ, உட்கார நாற்காலி இருக்கிறதோ இல்லையோ, அந்த ஒரு சொல் இருக்கும். சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன வீட்டில்கூட முதலில் ‘வாங்க’ சொல்லிவிட்டுத்தான் மறுபடி முறைப்பார்கள். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டு அத்தை மட்டும் சொல்லமாட்டார். வாசலில் ஆள் நின்றால் பார்ப்பார். கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறப்பார். ஒதுங்கி நிற்பார். உள்ளே போவதும் திரும்பிப் போவதும் நம் பாடு.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. அப்பாவை அவர் தம்பி என்று கூப்பிடுவார், அந்த முறையில் எனக்கு அத்தை. என் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன அன்று, மலாக்கா நகரத்துத் தெங்கேராவிலிருந்து வந்திருந்த சித்தியும் கூட வந்தாள். வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்றோம். அத்தை வழக்கம்போலக் கதவைத் திறந்து ஒதுங்கினார். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார், மைலோ கலக்கிக் கொடுத்தார், என் கன்னத்தைத் தடவினார். எல்லாம் செய்தார், அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் சித்தி, “வான்னு ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?” என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். சித்தி டவுன்காரி, அவளுக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், என் புருஷன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிற குறை அது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்திலேயே பெரிய ‘வாங்க’ அவருடையதுதான். ரொட்டிக்காரர், துணி மூட்டைக்காரர், கொசு மருந்து அடிக்க வரும் மலாய்க்காரர், யாராக இருந்தாலும் சாலை முனையில் தலை தெரிந்ததுமே “வாங்க வாங்க” என்று ஆரம்பித்துவிடுவார். செம்பனைக் காட்டிலிருந்து இறங்கும் குரங்குக்கும் சொல்லியிருப்பார் என்று அப்பா கேலி செய்வார். அந்த வாய் எப்படி மூடிக்கொண்டது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மலாக்கா மாநிலத்தின் ஸ்டேஷன் என்று பெயர்தானே தவிர, மலாக்கா நகரத்துக்கும் அதற்கும் வெகுதூரம். வெளியூர்க்காரர்கள் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கி, கோட்டை எங்கே, கடல் எங்கே என்று கேட்பார்கள். அவர்களை பஸ் நிற்கும் இடத்துக்கு அனுப்பிவைப்பதே அங்கே இருப்பவர்களுக்குப் பாதி வேலை. ஒரு காலத்தில் இங்கிருந்து நகரம் வரைக்கும் கிளைப் பாதை ஒன்று ஓடியிருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் அதன் தண்டவாளத்தைக் கழற்றி சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் மட்டும் போகவில்லை. அங்கே ரயில் பாதை போட எங்கள் லயங்களிலிருந்து ஆட்களையும் பிடித்து ரயிலேற்றினார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். அந்தப் பாதையின் மண்மேடு லாலான் புல் மூடிக் கடைத்தெருப் பின்புறம் வரைக்கும் இப்போதும் கிடக்கிறது. அதன்மேல் ஆடு மேய்க்கக்கூடப் பெரியவர்கள் விடமாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு ஸ்டேஷன் என்றால் ஊருக்குப் போகிற சந்தோஷம் வராது, யாரோ போய்த் திரும்பவில்லை என்கிற நினைப்புதான் வரும்.

பழைய ஸ்டேஷன் மரக்கட்டடம், மேலே தகரக் கூரை. முன்னால் ஒரு மேடை. வடக்குக் கோடியில் சரக்குக் கொட்டகை, அதன் பக்கத்தில் நீராவிக் காலத்துத் தண்ணீர்த் தொட்டி. டவுன் முழுக்க, பாசார் என்கிற சந்தையும் பள்ளிக்கூடமும் கிளினிக்கும், மேடை இருக்கும் பக்கம். எங்கள் தோட்டம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். செம்பனை மரங்களுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை வந்து, தண்டவாளத்தைத் தாண்டி, சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் ஏறிவிடும். என் தாத்தா நடந்த பாதை, அப்பா நடந்த பாதை, நானும் பள்ளிக்கூடப் பையோடு நடந்த பாதை.

அப்போது இருந்தது ஒரே வழித்தடம். சிரம்பான் பக்கமிருந்து வருவதும் கிம்மாஸ் பக்கமிருந்து வருவதும் அதே தண்டவாளத்தில்தான் வந்தாக வேண்டும். ஒன்று ஸ்டேஷனுக்குள் ஒதுங்கி நிற்கும், மற்றது போகும். அதனால் எங்கள் பாதையில் ஒரு ரயில் கடந்துவிட்டால் அடுத்தது வர வெகு நேரமாகும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, கால்களுக்கே தெரியும். கடைசிப் பெட்டி போன காற்று அடங்குவதற்குள் தாண்டிவிடுவோம். சாமான் தூக்கி வரும் பெண்கள் மூட்டையைத் தண்டவாளத்தின் மேலேயே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, கதை பேசி இளைப்பாறுவார்கள். ரயில் போய்விட்டது என்றால் இடம் எங்களுடையது, அவ்வளவுதான்.

பிறகு அந்த மரக்கட்டடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியும் இரும்புமாகப் புது ஸ்டேஷன் எழும்பியது. மேலே கம்பிகள் இழுத்தார்கள். இரு பக்கமும் வேலி போட்டார்கள். தெற்குக் கோடியில் மேம்பாலம் வந்தது, படிக்கட்டும் லிஃப்டும் வைத்து. தோட்டத்திலிருந்து அங்கே போக செம்பனைக் காட்டைச் சுற்றி நடக்க வேண்டும். முட்டிவலிக்காரர்கள் நிறைந்த தோட்டம் எங்களுடையது. ஒரே வாரத்தில் பழைய பாதைக்கு நேராக இரண்டு வேலியிலும் ஓட்டை விழுந்தது. ரயில்காரர்கள் வந்து அடைப்பார்கள், திட்டுவார்கள், எச்சரிக்கைப் பலகை மாட்டுவார்கள். அவர்கள் போன பிறகு ஓட்டை மறுபடி திறந்திருக்கும்.

ஓடியது இப்போது இரண்டு வழித்தடம். ஒன்று போகும்போதே மற்றதில் இன்னொன்று வரலாம். பலகையில் மலாயில் எழுதியிருந்தது, படித்தோம். படித்தது தலைக்குப் போனது, கால்களுக்குப் போகவில்லை.

அத்தையின் புருஷன், எனக்கு மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி சரக்குக் கொட்டகைப் பக்கம் வந்து நின்றார். அத்தை இந்தப் பக்கம், வேலி ஓட்டையில், மீனுக்காகக் காத்திருந்தார். தோட்டத்துப் பக்கத் தண்டவாளத்தில் நீளமான சரக்கு ரயில் ஒன்று சிரம்பான் திசைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் வால் கடந்ததும் எதிரே மாமா தெரிந்தார். அத்தை கையைத் தூக்கி அசைத்து, “வாங்க, ஒண்ணும் வரல” என்றார். போய்க்கொண்டிருந்த சரக்கு ரயிலின் மறைவில், அதே சிரம்பான் திசையிலிருந்து, டவுன் பக்கத் தண்டவாளத்தில் மின்சார ரயில் வந்துகொண்டிருந்தது. மாமா அத்தையைத்தான் பார்த்தார். அத்தை சொன்னால் அவர் வேறு எங்கும் பார்க்கமாட்டார். சிரித்துக்கொண்டே சைக்கிளை இறக்கினார்.

எனக்கு இதை அம்மா சொன்னாள். அம்மா அப்போது அத்தைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அதற்கு மேல் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அத்தை எழுந்து போய் வேலி ஓட்டையில் நின்றார். லயமே நடுங்கிவிட்டது. எதற்கு நிற்கிறார் என்று யாருக்கும் கேட்கத் துணிவில்லை, ஆனால் எல்லோரும் நினைத்தது ஒன்றைத்தான். பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்து, ஆளுக்கொரு சாக்கோடு அவர் பக்கத்தில் போய் நின்றார்கள். ஒருத்தி சிலிப்பரில் முள் எடுப்பதுபோல, ஒருத்தி குடையை விரிப்பதுபோல. கொஞ்ச நேரத்தில் ஃபாக்டரி பஸ் பிடிக்கப் போகிறவர்களும் பள்ளிக்கூடக் கேன்டீன் வேலைக்குப் போகிற அம்மாவும் அங்கே சேர்ந்துவிட்டார்கள். ஒரு ரயில் வந்தது, போனது. முன்னால் இருந்தவர் பழக்கத்தில் காலை எடுத்து வைத்தார். அத்தையின் கை குறுக்கே நீண்டது.

“பொறு. வால் போனாலும் பொறு” என்றார்.

அன்றிலிருந்து அதுவே நடைமுறையானது. தோட்ட வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ரப்பர் பால்வெட்டுக் காலத்தில் விடியும் முன்னால் தொழிலாளிகளை ஆபிஸ் முன் வரிசையாக நிறுத்தி, மேஸ்திரியான மண்டோர் பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன நிரைக்கு என்று அனுப்புவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். பால்மரம் போய், செம்பனை வந்து, வங்காளதேச ஆட்கள் வந்து, எங்கள் ஆட்களுக்குப் பெரட்டு இல்லாமல் போய்ப் பல காலம். ஆனால் அத்தை கையை நீட்டியதும் எல்லோரும் தானாக வரிசையில் நின்றார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பெயர் சொல்லி, பதில் வாங்குவார். சிலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு கருங்கல் ஜல்லியில் ஏறுவார். இரு பக்கமும் பார்ப்பார். நிற்பார். இன்னும் நிற்பார். பொறுமை எல்லாம் தீர்ந்து, பின்னால் முணுமுணுப்பு எழும்பும் நேரத்தில், “போங்க” என்பார். எல்லோரும் ஒன்றாகத் தாண்டுவார்கள். ‘வாங்க’ போய் ‘போங்க’ வந்தது அப்படித்தான். அந்தப் பக்கம் போனபின், கடைசியாக அவரும் தாண்டிப் போய், ஸ்டேஷன் எதிரில் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலையைப் பார்ப்பார். சாயங்காலம் மறுபடி அதே பெரட்டு, இந்தப் பக்கம் பார்த்து.

நான் அப்போது சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கிளினிக்கில் கவுண்டரில் வேலை பார்த்தேன். தம்பியின் மோட்டார்சைக்கிளில் சுற்றுச் சாலையாக வந்து முதல் ஆளாகத் திறப்பேன். பின்பக்கம் ஒரு சிறிய பால்கனி. அங்கே நின்றால் வேலி ஓட்டை நேராகத் தெரியும். அம்மா தாண்டுகிற நேரத்தில் அங்கே போய் நிற்பேன், வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே. சரக்கு ரயில் வந்துவிட்டால் ஆட்கள் மறைந்துபோவார்கள். சக்கரங்களுக்கு இடையில் அந்தப் பக்கத்துக் கால்கள் மட்டும் விட்டுவிட்டுத் தெரியும். அம்மாவுடையது பச்சை சிலிப்பர். ஒரு பெட்டி, பச்சை. ஒரு பெட்டி, பச்சை. ஒரு பெட்டியின் இடைவெளியில் பச்சை தெரியாவிட்டால் கைப்பிடிச் சுவரில் எட்டிக் குனிந்து தேடுவேன். ரயில் முழுதும் போன பிறகு அவள் அத்தையின் கைக்குப் பின்னால் நின்றுகொண்டு யாரிடமோ கதை பேசிக்கொண்டிருப்பாள். மத்தியானம் போன் செய்து அவளைத் திட்டுவேன். மேம்பாலத்தில் போனால் என்ன, கால் தேய்ந்துவிடுமா என்று கத்துவேன். அவள், “அக்காதான் நிக்குதே, அப்புறம் ஒனக்கென்ன பயம்லா” என்பாள்.

அந்த அக்காவே எனக்குப் பயமாகத்தான் இருந்தார். என் கல்யாணம் பாச்சாங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பட்டுப்புடவை, மாலை, நெற்றிச்சுட்டி எல்லாம் கட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கி, சாலையைத் தாண்டப் போனேன். குறுக்கே ஒரு கை வந்து என் நெஞ்சில் முட்டியது. அத்தை. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மோட்டார்சைக்கிள்கூட இல்லை. மேளக்காரர் வாசலில் காத்திருந்தார், நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது, மாமியாரின் முகத்தில் கேள்வி ஏறிக்கொண்டே போனது. அத்தை வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், நின்றார். எங்கள் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும், புடவையும் வேட்டியுமாக, எனக்குப் பின்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அவர் என் காதருகே, “போ, பாப்பா” என்றார். மாமியாருக்கு இது என்ன சடங்கு என்று இன்றுவரை விளங்கவில்லை. தோட்டத்து வழக்கம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சில வருஷம் கழித்து, அம்மாவைப் பார்க்க வந்து தங்கியிருந்த ஒரு காலையில், அவளோடு வேலி ஓட்டைவரை நடந்து வந்தேன். பெரட்டு கூடியிருந்தது. பலர் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோய்விட்டதால் வரிசை குட்டையாகியிருந்தது. யாரோ ஒருவர் கையிலிருந்த சோற்று அடுக்கு வழுக்கி ஜல்லியில் விழுந்து, மூடிகள் உருண்டு, பெரிய சத்தம். எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். முன்னால் நின்ற அத்தை திரும்பவில்லை. தலைகூட அசையவில்லை.

நான் பக்கத்தில் போய்ப் பின்னாலிருந்து “அத்தை” என்று கூப்பிட்டேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வளைவுக்கு அப்பால் எங்கோ ரயில் ஊதியது. அதற்கும் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பெயர் கூப்பிட்டுப் பதில் வாங்கும்போது அவர் எதிராளியின் உதடுகளைத்தான் பார்க்கிறார் என்பது அப்போதுதான் பிடிபட்டது. காது கேட்காத மனுஷியின் ஒரு சொல்லுக்கு என் அம்மா தினமும் இரண்டு தண்டவாளத்தைத் தாண்டுகிறாள். மின்சார ரயில் வளைவைத் தாண்டியபின்தான் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தபின் நேரம் இருக்காது.

அன்று சாயங்காலம் அம்மாவை அடுக்களையில் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நாளாக இது என்று கத்தினேன். இன்றைக்கே போய் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன், ரயில்காரரிடமும் சொல்லி வேலியை நிரந்தரமாக அடைக்கச் சொல்லப்போகிறேன் என்றேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“தெரியும்டி. எங்க எல்லாத்துக்கும் தெரியும்” என்றாள்.

“தெரிஞ்சுமா அது சொன்னதக் கேட்டு தாண்டுறீங்க?”

“முன்னதான் அது சொன்னா தாண்டுவோம். அக்கா பாத்துக்குமுன்னு கத பேசிக்கிட்டு நிப்போம். இப்ப அதுக்குக் கேக்கலன்னு தெரிஞ்சதுக்கப்புறம் அத்தன பேரும் வாய மூடிக்கிட்டு நாங்களே கேக்குறோம், நாங்களே பாக்குறோம். எல்லாருக்கும் சரின்னு பட்டா, நான் அக்கா தோள்ல கை வைப்பேன். அது போங்கன்னு சொல்லும்.”

அப்படியானால் அவர் எதற்கு அங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “அங்க நிக்கலன்னா அக்கா வேற எங்க போய் நிக்கும்? யோசிச்சியா?”

நான் யோசித்தேன். முப்பதாம் நாளுக்கு மறுநாள் முள் எடுப்பதுபோலவும் குடை விரிப்பதுபோலவும் பக்கத்தில் போய் நின்ற பெண்கள், இத்தனை வருஷமாக அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர் தங்களைக் காப்பாற்றுவதாக அவரை நம்பவைத்து, அவரைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதில் யாராவது ஒருவர் ஒரு தடவை கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதிலேயே நினைப்பு சுற்றியது. அம்மாவின் கைதான் கடைசிக் கை. அவள் வைத்தால் எல்லோரும் போவார்கள்.

அடுத்த தடவை நான் வந்தபோது லயத்தில் மிஞ்சியது எங்கள் வீட்டையும் அத்தை வீட்டையும் சேர்த்து நாலைந்து வீடுதான். அம்மா கால் வீங்கிப் படுத்திருந்தாள். மற்றவர்கள் மேம்பாலத்துப் பக்கம் மோட்டார்சைக்கிளில் போகப் பழகிவிட்டார்கள். விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் அம்மா தலையைத் தூக்கி, அக்கா போய் நின்றிருக்கும், நீ போ என்றாள். நான் மாட்டேன் என்றேன். தண்டவாளத்தில் காலை வைத்துப் பல வருஷமாகிறது, என் பிள்ளைக்கு இரண்டு வயது, என்னால் முடியாது என்றேன்.

“யாராச்சும் கை வைக்கிற வரைக்கும் அது அங்கேயே நிக்கும்டி. வெயில்ல நிக்கும். இல்லன்னா தானா இறங்கிரும்” என்றாள் அம்மா.

பிள்ளையை அவள் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுப் போனேன். அத்தை வேலி ஓட்டையில் வெறுங்காலோடு தனியாக நின்றார். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் என் உதட்டைப் பார்த்து, என் பெயரைச் சொன்னார். நான் “இருக்கேன்” என்றேன். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார், யாரும் இல்லை. அம்மா பெயரைச் சொன்னார். கால் வீக்கம் என்று குனிந்து காட்டினேன். தலையாட்டிவிட்டு முன்னால் திரும்பிக் கையைக் குறுக்கே நீட்டினார். ஒரே ஓர் ஆளுக்குப் பெரட்டு.

சரக்கு ரயில் ஒன்று வந்தது. எங்களுக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில், சிரம்பான் திசைக்கு. பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் ஏற்றிய பெட்டிகள். ஜல்லி அதிர்ந்து என் முழங்கால்வரை ஏறியது. வால் போனது. சத்தம் தேய்ந்துகொண்டே போனது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தேய்கிற அந்தச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. கிம்மாஸ் பக்கம் பார்த்தேன், வெறும் கம்பி. சிரம்பான் பக்கம் பார்த்தேன், போகிற ரயிலின் முதுகு. எதிரே சரக்குக் கொட்டகை நின்ற இடம், நான் முன்பு நின்ற கிளினிக் பால்கனி. பயம் எனக்குள் கோபமாகப் பொங்கியது. எதற்கு இந்தக் கூத்து, தாண்டித் தொலைத்தால் முடிந்தது என்று தோன்றியது. அத்தையின் தோளில் கையை வைத்தேன்.

அவர் நகரவில்லை. “போங்க” என்று சொல்லவும் இல்லை. என் கைமேல் தன் மற்றொரு கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“கை நடுங்குது” என்றார். “ஒங்கம்மா கை நடுங்காது. பொறு.”

அதற்குள் அது வந்துவிட்டது. போகிற ரயிலின் முதுகுக்குப் பின்னாலிருந்து, டவுன் பக்கத் தண்டவாளத்தில், ஓசை என்று சொல்ல ஒன்றுமில்லாமல், காற்றைக் கிழித்துக்கொண்டு. என் புடவைத் தலைப்பு பறந்து அத்தையின் முகத்தை மூடியது. அவர் அதை விலக்கக்கூட இல்லை. பெட்டிகளின் ஜன்னல்கள் ஒன்றாகக் கலந்து ஓடின. அது போன பிறகு நான் ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சரக்கு ரயிலின் வால், அதன் மறைவு, அதே திசை, எல்லாம் மாமா போன அன்றைப் போலவே. நான் பார்த்தேன், கேட்டேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காது கேட்காதவருக்குத் தோளால் தெரிந்தது. அப்படியானால் அம்மாவின் கை எதற்கு, மற்றவர்கள் காதுகள் எதற்கு, அவர்கள் நாடகம் ஆடுவது எல்லாம் இவருக்கு எத்தனை காலமாகத் தெரியும் என்று எனக்குள் ஓடியது. அவரைக் கேட்கவில்லை. என் கையில் நடுக்கம் நிற்கும்வரை அவர் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்து, “போ, பாப்பா” என்றார். நான் போகவில்லை. அவர் கையைப் பிடித்துத் திருப்பி வீட்டுக்கு அழைத்து வந்தேன். எதிர்ப்புக் காட்டாமல் வந்தார், ஒரு தடவை மட்டும் திரும்பி ஓரத்தில் கிடந்த சிலிப்பரைப் பார்த்தார். போய் எடுத்து வந்து காலில் மாட்டிவிட்டேன்.

கொஞ்ச நாளில் தோட்டம் வீடமைப்புக்காரர் கைக்குப் போனது. வேலிக்குப் பதில் சிமெண்டுச் சுவர் எழும்பியது. மிச்சமிருந்தவர்களை டவுன் பக்கம் தாமான் வீடுகளுக்கு மாற்றினார்கள். அம்மாவுக்கு ஒரு வீடு, அதே வரிசையில் ஓரத்தில் அத்தைக்கு ஒன்று. இனி யாரும் எதையும் தாண்ட வேண்டியதில்லை. இத்தனை வருஷம் எனக்குள் இருந்த கல் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அத்தை இப்போது காலையில் எழுந்து எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றுவதாகவும், தினமும் தான் போய்த் தோளில் கை வைத்துவிட்டு வருவதாகவும் மட்டும் அவள் சொன்னாள். கை வைத்தால் உட்காருகிறாராம்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது தீபாவளிக்கு முந்தின வாரம். முறுக்கு டப்பாவோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவு திறந்தே கிடந்தது. அத்தை கூடத்தில் நாற்காலியில் இருந்தார், நன்றாக இளைத்துப்போய். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்ப்பார், எழுந்து ஒதுங்கி நிற்பார், நானாக உள்ளே போக வேண்டும் என்று சிலிப்பரைக் கழற்றினேன்.

அவர் எழுந்தார். ஒதுங்கவில்லை. அவர் கண் என் முகத்தில் இல்லை, என் தோளுக்கு மேலே வெளியே போயிருந்தது. முகம் மலர்ந்திருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரொட்டிக்காரரைக் கண்டால் மலர்கிற அதே முகம். கையைத் தூக்கி அசைத்தார்.

“வாங்க, ஒண்ணும் வரல” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். தாமான் சாலை, நிறுத்திவைத்த கார்கள், எதிர் வீட்டுக் கொடியில் துணி. யாரும் இல்லை. இருந்தாலும் வலது பக்கம் பார்த்தேன். இடது பக்கம் பார்த்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். பிறகு முறுக்கு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலில் ஒதுங்கி, வருகிறவருக்கு வழி விட்டு நின்றேன்.